பாடப்புத்தகக் குடும்பம்

ஜாங், கமரூன்
ஜனவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை

என் செல்லத் தம்பி அனிசேவுக்கு,

அக்கா எட்விஜ் எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். பெர்கமோவில் பனி கொட்டுகிறது என்று சொன்னாய். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. வேளாவேளைக்குச் சாப்பிடு.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்த வீட்டில் நான் போனில் பேசுவதும் ஒன்றுதான், நான்கு அம்மாக்களின் அடுப்படியிலும் ஒலிபெருக்கி வைப்பதும் ஒன்றுதான். வகுப்பில் என்னோடு படிக்கும் பெண்ணின் மாமா அடுத்த வாரம் மிலானுக்குப் போகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

அப்பாவுக்குக் கால் வீக்கம் வடியவில்லை. மூச்சு வாங்குகிறது. ஆனாலும் அதிகாரம் குறையவில்லை, ராஃபியா கள் புளித்துப்போச்சு என்று நேற்றுக்கூட அம்மாவைத் திட்டினார். முந்தாநாள் செபாசே சித்தப்பாவையும் மற்றப் பெரியவர்களையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது ஒருவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. தனக்குப் பிறகு யார் என்று பெயரைச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். இனி அடக்கத்தன்று கூட்டத்துக்குள் புகுந்து அந்த ஆளைப் பிடிக்கும் வரைக்கும் அவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள்.

வீட்டில் எல்லோருக்கும் அது நீதான் என்று நினைப்பு. சித்தப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உன் தம்பி எப்ப வர்றான்? அவனுக்கு வர வழி தெரியுமா, மறந்துட்டானா?" என்று கேட்கிறார். ஹோர்டென்ஸ் பெரியம்மா இன்னும் ஒரு படி மேலே போய், "அவன் வரட்டும், முதல்ல அந்த ஆட்டுத் தாடியைச் சிரைக்கச் சொல்லணும்" என்கிறாள். உன் போட்டோவை யாரோ காட்டியிருக்கிறார்கள்.

நான் சொல்லிவிட்டேன், நீ அங்கே தங்குவதற்கான அனுமதிப் பேப்பர் புதுப்பிக்கப் போயிருக்கிறது, இப்போது நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பிப் போக முடியாது என்று. பேப்பர் உன் அலமாரியில் பத்திரமாக இருப்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும். மலைக்குப் பின்னால் இருக்கிற ஃபிர்மானை ஞாபகம் இருக்கிறதல்லவா? டுவாலாவில் வங்கி வேலை. அப்பன் அடக்கத்துக்குக் கோட்டு சூட்டோடு வந்தான், திரும்பிப் போக பஸ் டிக்கெட் பையில் இருந்தது. பிடித்து, வாரிசு மாதக்கணக்கில் வெளியே வராமல் இருக்க வேண்டிய வேலிக்குள் போட்டார்கள். வெளியே வருவதற்குள் வங்கியில் அவன் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்துவிட்டான். இப்போது மக்காச்சோளம் போடுகிறான், ஊர்ச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்கிறான். பெற்ற தாயே அவனை அப்பா என்று கூப்பிடுகிறாள்.

அதனால் கேட்டுக்கொள். அப்பா கண் மூடிவிட்டார் என்று சேதி வந்தாலும் நீ வராதே. பெற்ற மகனிடம் சொல்லக் கூடாத சொல் இது. ஆனாலும் வராதே. பேச வேண்டியதை இங்கே நான் பேசிக்கொள்கிறேன்.

இனி என் கதை. பல்கலைக்கழக மொழி மையத்தில் ஆரம்பநிலை இத்தாலியன் வகுப்பில் சேர்ந்தேன் என்று சொன்னேனே, அது நன்றாகவே போகிறது. காலையில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி நேராக உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறது. எல்லாம் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பிள்ளைகள். நான் உள்ளே நுழைந்தால், "அம்மா வந்தாச்சு சார், ஆரம்பிக்கலாம்" என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். எழுத்துத் தேர்வில் முதல் ஆள் யார் என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

பாடம் எடுப்பவர் தெம்குவா சார். நம் பக்கத்து ஆள்தான், இத்தாலியில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். நாங்கள் பிரெஞ்சுச் சொல்லின் வாலில் ஒரு 'ஓ' ஒட்டிவிட்டு இத்தாலியன் என்று சொல்லி ஏமாற்றப் பார்த்தோம். "நீங்க பேசறது இத்தாலியன் இல்ல, சட்டை மாத்திப் போட்ட பிரெஞ்சு" என்றார்.

குடும்பம் பற்றிய பாடம் வந்தபோதுதான் கூத்து. புத்தகத்தில் இருக்கும் குடும்பத்தில் ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு பையன், ஒரு பெண், ஒரு நாய். உனக்கு எத்தனை உடன்பிறப்பு என்று சார் ஒவ்வொருவரையும் கேட்டார். நாங்கள் கற்ற எண்களே போதவில்லை. ஒருத்தன் அம்மாக்களை எண்ணவே இரண்டு கையையும் நீட்டினான். சார் தலையில் கை வைத்துக்கொண்டு, "பரீட்சை வைக்க வர்ற அம்மா அவ்வளவு நேரம் உட்கார மாட்டாங்க. எல்லாரும் வீட்டுக்குப் போய்க் குடும்பத்தைக் குறைச்சுட்டு வாங்க" என்றார். மறுநாள் எல்லோரும் ஆளைக் குறைத்துக்கொண்டு வந்தோம். எனக்கு ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரே ஒரு தம்பி. தம்பி இத்தாலியில் வேலை செய்கிறான், அவனுக்குக் கால்பந்து பிடிக்கும். இதை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மார்ச்சில் வாய்மொழித் தேர்வு. அங்குள்ள பல்கலைக்கழகத்திலிருந்து ஓர்னெல்லா என்று ஒரு அம்மையார் வருகிறார். முதல் இரண்டு பேருக்கு அங்கே இடம், தங்கும் செலவும் அவர்களே ஏற்கிறார்கள். முதல் வருடம் மொழி, பிறகு நான் ஆசைப்பட்ட உணவுத் தொழில்நுட்பம். முப்பது தாண்டிவிட்டால் கிடையாது. எனக்கு இந்த வருடம் விட்டால் அவ்வளவுதான், அனிசே. நீ போனாய், நல்லது. அப்பாவைப் பார்க்க ஆள் வேண்டும் என்று நான் தங்கினேன். இப்போது என் முறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நம் முன்னோர் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். எந்தச் சேதி வந்தாலும் இருக்கும் இடத்திலேயே இரு.

உன் அக்கா,
எட்விஜ்

ஜாங்
மார்ச் மாதம், வேலிக்குள்ளிருந்து

அன்புள்ள அனிசே,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என்ன நடந்தது என்று அம்மா போனில் அழுதுகொண்டே ஏதோ சொல்லியிருப்பாள், பாதி புரிந்திருக்காது. என் போனை வாங்கி வைத்துவிட்டார்கள். காகிதமும் பேனாவும் கேட்டபோது மட்டும் யாரும் மறுக்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அப்பாவைச் சனிக்கிழமை அடக்கம் செய்தோம். திங்கட்கிழமை எனக்குத் தேர்வு. நம் அண்ணன் தம்பிகள் ஒருவர்கூட முன்னால் நிற்கவில்லை, எல்லோரும் பைக்குக்குப் பக்கத்தில் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார்கள். லெயோபோல்ட் அண்ணன் எஞ்சினையே அணைக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நான் பெண்கள் பக்கம் நின்று, ஒரு கையில் மண்ணை வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரே ஒரு தம்பி என்று இத்தாலியனில் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர்கள் கூட்டத்துக்குள் இறங்கினார்கள். லெயோபோல்டைத் தாண்டினார்கள். அவன் பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது. எங்கள் பக்கம் வந்தார்கள். வழி விடலாம் என்று நான் நகர்ந்தேன். சித்தப்பாவின் கை என் தோளில் விழுந்தது. "தண்ணி வேணுமா சித்தப்பா?" என்று கேட்டேன். இன்னொரு கையும் விழுந்தது. அதற்குள் யாரோ என் தலைத்துணியை உருவினார்கள், அப்பாவின் குல்லாய் என் தலையில் இருந்தது. அம்மா கத்தினாள். பெண்ணைப் பிடிப்பது நம் பக்கத்தில் நடக்காததல்ல, எனக்கும் தெரியும். ஆனால் நம் வீட்டில் நடக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. உன்னைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்தேன், என்னைப் பற்றி யோசிக்கவே இல்லை.

ஏன் என்னை என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "தேடிப் புடிக்கற ஆளு வேண்டாம், இருக்கற ஆளு போதும்னு உங்கப்பன் சொன்னான்" என்றார். இதைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன் என்று நினைக்காதே. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை வருடம் இருந்ததற்கு இதுதான் கூலியா? அன்று முழுக்க அழுதேன். அப்பாவுக்காக அழுகிறாள் என்று எல்லோரும் முதுகைத் தடவினார்கள்.

அப்பாவின் பெயர் இனி என் பெயர், இப்போது நான் தியோமேலா. எல்லோருக்கும் அப்பா. அம்மாக்கள் நான்கு பேருக்கும் நான் புருஷன். ஹோர்டென்ஸ் பெரியம்மா முதல் நாளே வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நம்ம புருஷன் இந்தத் தடவை கம்மல் போட்டுட்டு வந்திருக்காரு, பரவால்ல, முன்னைக்கு இப்ப லட்சணம்" என்றாள். அந்த ஒரு தடவைதான் நானும் சிரித்தேன்.

வேலியைத் தாண்டி நான் கால் வைக்கக் கூடாது. திங்கட்கிழமை காலை மொழி மையத்தில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், நான் இங்கே வழக்கப்படி உடம்பில் செம்மண் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு அன்று எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. பைக் டாக்ஸி பிடித்துப் போய்த் தெம்குவா சாரைக் கண்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மையார் மறுநாள் விமானத்துக்கு டுவாலா போகிற வழியில் நம் வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று சார் ஏற்பாடு செய்தார். பெரியவர்களிடம் பேசச் சார் மரியாதைக்குக் கோலா கொட்டையோடு முன்னாலேயே வந்துவிட்டார்.

சித்தப்பா ஒரேயடியாக மறுத்தார். "இந்த வீட்டு அப்பனை இந்த வீட்டு முற்றத்துலயே உட்கார வெச்சு ஒருத்தி கேள்வி கேப்பாளா? அவரு என்ன திருடிட்டாரா?" என்றார். சார் அசரவில்லை. "கேள்வி இல்லீங்க பெரியவரே, துக்கம் விசாரிக்க வர்றாங்க. அவங்க ஊர்ல கொஞ்சம் விலாவாரியா விசாரிப்பாங்க" என்றார். "துக்கம் விசாரிக்கறவங்க வெறுங்கையோட வரமாட்டாங்க" என்று சித்தப்பா பிடியைத் தளர்த்தினார். கடைசியில் மூன்று நிபந்தனை. உப்பும் பனை எண்ணெயும் கொண்டுவர வேண்டும். என் இருக்கையை விடத் தாழ்வாக உட்கார வேண்டும். அவள் கேட்பதையும் நான் சொல்வதையும் ஒவ்வொன்றாக நம் மொழியில் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் முன்னால் மறைத்துப் பேசுவது இந்த முற்றத்தில் கிடையாது என்றார்.

கார் வந்து நின்றது. ஓட்டுநர் எஞ்சினை அணைக்காமல் மணியைப் பார்த்தபடி இருந்தான். அந்த அம்மையார் ஒரு கையில் உப்புப் பொட்டலமும் மறு கையில் எண்ணெய்க் கேனுமாக இறங்கி வந்தார். நல்ல உயரம். முக்காலியில் உட்கார்ந்ததும் முழங்கால் தாடைக்கு வந்துவிட்டது. நான் அப்பாவின் நாற்காலியில், குல்லாயோடு. எனக்குப் பின்னால் அம்மாக்கள், உடன்பிறப்புகள், அவர்கள் பிள்ளைகள். அம்மா வாயில் மேல்துணி நுனியை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முதல் கேள்வி, உன் பெயர் என்ன. இதைவிடச் சுலபமான கேள்வி அந்த மொழியில் இல்லை. ஆனால் எட்விஜ் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையே. தியோமேலா என்றேன். அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவால் ஏதோ கோடு போட்டார். தன் பெயர்கூடச் சொல்லத் தெரியவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறார் என்று எனக்குப் பகீரென்றது. சார் தொண்டையைச் செருமினார், ஆனால் தேர்வில் அவர் பேசக் கூடாது.

இரண்டாவது கேள்வி குடும்பம். என் ஒரே தம்பி நாக்கு நுனியில் நின்றுகொண்டிருந்தான். சித்தப்பா, "என்ன கேக்கறா?" என்றார். எத்தனை உடன்பிறப்பு என்று கேட்கிறாள் என்றேன். பின்னால் அத்தனை பேரும் நான் சொல்லப்போகும் எண்ணுக்காகக் காத்திருந்தார்கள். அப்பா செத்த வாரம், அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவர் பிள்ளைகளை ஒன்றாக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபத்திரண்டு பேர், நான்கு அம்மாக்கள் என்று உண்மையைச் சொன்னேன்.

எண்ணில் தப்புச் செய்கிறேன் என்று அவர் நினைத்தார். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, இதுவா என்று மெதுவாகத் திரும்பக் கேட்டார். இல்லை என்று நான் திரும்பி, ஒவ்வொருவரையும் காட்டிப் பெயர் சொல்ல ஆரம்பித்தேன். இவர் லெயோபோல்ட், உயரமானவர், லாரி ஓட்டுகிறார். இவள் ஆசிரியை, குள்ளம், நிறையச் சாப்பிடுவாள். இவனுக்கு ஆடு பிடிக்கும், மீன் பிடிக்காது. கற்ற சொற்கள் எல்லாம் வரிசை கட்டி வந்தன, அனிசே. புத்தகத்துக் குடும்பத்துக்கு அவ்வளவு சொல் தேவைப்பட்டதே இல்லை. நம் மொழியில் நான் சொல்லச் சொல்ல, அவரவர் கையைத் தூக்கினார்கள். லெயோபோல்ட் பைக்கிலிருந்தே தூக்கினான். "என் மூத்தவளை விட்டுட்டீரு, மறுபடி முதல்லருந்து சொல்லும்" என்று பெரியம்மா அதட்டினாள். அந்த அம்மையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் கூடவே எண்ணினார்.

எண்ணி முடித்துவிட்டு, ஒருவர் குறைகிறாரே என்றார். என் தம்பி இத்தாலியில் இருக்கிறான் என்றேன். ஏன் வரவில்லை என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், பேச வைப்பதற்காக. அவர் நீ இருக்கும் நாட்டுக்காரர், பேப்பர் கதையெல்லாம் அவரிடம் எடுபடாது, மேலே மேலே கேட்பார். அதனால் அவனுக்கு நிறைய வேலை என்று இத்தாலியனில் சொன்னேன். சித்தப்பா, "என்ன கேட்டா? நீங்க என்ன சொன்னீங்க?" என்றார். தம்பி ஏன் வரவில்லை என்று கேட்டாள், அவனுக்கு இன்னும் பேப்பர் கிடைக்கவில்லை என்று சொன்னேன் என்றேன்.

ஒரே கேள்விக்கு ஒரே மூச்சில் இரண்டு பதில். இரண்டு மொழியும் தெரிந்தவர் அங்கே சார் ஒருவர்தான். அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பேப்பருக்கு நம் ஆட்கள் சொல்வது பிரெஞ்சுச் சொல்தானே. அந்த அம்மையாருக்குப் பிரெஞ்சு தெரியும். அவர் சட்டென்று தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அவர் ஒன்றும் கேட்காமல் பேனாவை மூடினார். எழுந்து, நம் வழக்கப்படி இரண்டு கையையும் சேர்த்துத் தட்டி எனக்கு மரியாதை செய்துவிட்டுப் போனார். யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா சேம்பு மசியலும் மஞ்சள் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்படியே திரும்ப எடுத்துப் போனாள். இன்று காலை சார் முடிவோடு வந்தார். நான் இரண்டாவது. இடம் கிடைத்துவிட்டது. செப்டம்பரில் அங்கே இருக்க வேண்டும்.

சித்தப்பாவிடம் சொன்னேன். குதிப்பார் என்று நினைத்தேன், குதிக்கவில்லை. அப்பன் வெளியூர் போவது உலகத்தில் இல்லாததா என்றார். ஆனால் அப்பன் திரும்பி வரும் வரை அதே வயிற்றில் பிறந்த ஒருவர் இந்த வீட்டில் இருந்து அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். "உங்கம்மா வயித்துல உங்களைத் தவிர ஒருத்தன்தான். அவன் பேப்பர் வந்துடுச்சான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். பேப்பர் என்னும்போது என் கண்ணையே பார்த்தார். அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

மே மாதம் என்னை வெளியே அழைத்து வருவார்கள். அன்று நம் வீட்டு வழக்கப்படி அப்பாவின் பிள்ளைகளை ஒவ்வொருவராக நான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், "இருக்கேன் அப்பா" என்று அவர்கள் பதில் சொல்ல வேண்டும். வராதவருக்கு நானே காரணம் சொல்லி முடித்துவைக்கலாம். உன் பெயரையும் கூப்பிடுவேன். கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொள்வேன். இனிமேல் உனக்காக நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

நீ பயப்பட ஒன்றுமில்லை. பிடிக்க வேண்டிய ஆளைப் பிடித்துவிட்டார்கள், உன் தோளில் இனி ஒரு கையும் விழாது. உன் வேலை என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். எத்தனை கஷ்டப்பட்டு அந்த வேலையைப் பிடித்தாய் என்றும் தெரியும். அதனால்தான் இதை எழுதுவதற்குள் இத்தனை தாளைக் கசக்கிப் போட்டேன். அப்பாவாக உத்தரவு போட்டால் உன்னால் தட்ட முடியாது. அதனால் உத்தரவு போடவில்லை.

அப்பாவாக ஆசீர்வாதம் மட்டும் செய்கிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் உனக்கு இந்த வீட்டில் உப்பும் எண்ணெயும் உண்டு. போகிற இடமெல்லாம் உன் காலுக்குக் கீழே நிலம் உறுதியாக இருக்கட்டும். என் வாயிலிருந்து உனக்கு ஒரு சாபமும் வராது. பயந்துகொண்டு நீ வர வேண்டாம்.

இது அக்கா கேட்பது. அங்கே முதல் நாள் வகுப்பில் எல்லோரிடமும் பெயரைத்தான் கேட்பார்களாம், சார் சொன்னார். நான் எழுந்து நின்று எட்விஜ் என்று சொல்ல வேண்டும், அனிசே. ஒரு வருடத்துக்காவது சொல்ல வேண்டும். நீ வா.

தியோமேலா,
உன் அக்கா